கோட்ஸ் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்: குற்றம் என்று எதைச் சொல்கிறோம்?

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கள்ளு வாங்கலாம். பெயர்ப்பலகை ஒன்றும் கிடையாது. படலையில் நின்று "அக்கா" என்று ஒரு குரல் கொடுத்தால் போத்தலோடு ஆள் வரும். மேசன் வேலை முடித்து வருகிறவர்கள், தோட்டத்திலிருந்து திரும்புகிறவர்கள், சீனி வாங்கப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், எல்லோரும் அங்கே வாடிக்கை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் கள்ளு விற்பது மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் 1912இல் வந்தது. எப்போதாவது மதுவரித் திணைக்களத்தார் வந்து கலனோடு பிடிப்பார்கள். அக்கா கோட்ஸுக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு, போய்த் தண்டம் கட்டிவிட்டு வருவார். அடுத்த நாள் பின்னேரம் படலையில் பழையபடி குரல் கேட்கும். "பாவம், மூண்டு பிள்ளையளையும் அதிலதானே படிப்பிச்சவ" என்பதுதான் ஊரின் தீர்ப்பு.

அதே ஒழுங்கையில் ஒரு டொக்டர் வீடும் இருக்கிறது. அவருடைய மகன், இருபத்தைந்து வயது, சந்தியில் அனுமதியோடு நடக்கிற தவறணைக்குள் (கள்ளுக்கடைக்குள்) போனதை யாரோ கண்டுவிட்டார்கள். சட்டத்தில் அதற்கு ஒரு தடையும் இல்லை. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவும் புகையிலையும் விற்கக்கூடாது என்றுதான் 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒழுங்கையில் அதுதான் கதை. "டொக்டற்ற பெடியன் தவறணையில நிக்கிறானாம்." பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் ஒன்று குழம்பியதற்கும் அதுதான் காரணம் என்றார்கள்.

முதலாவது ஆள் சட்டத்தை மீறினார், ஊர் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது ஆள் சட்டத்தை மீறவில்லை, ஊர் விடவில்லை. சமூகவியலில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. எழுதிவைத்த சட்டத்தை மீறினால், அரசு தண்டிக்கக்கூடியதாக இருந்தால், அது குற்றம். எழுதாத ஆனால் எல்லோருக்கும் தெரிந்த நியமங்களை மீறினால் அது நெறிபிறழ்வு, சுருக்கமாகப் பிறழ்வு. களவு, கொலை மாதிரிச் சில விசயங்கள் இரண்டு பட்டியலிலும் இருக்கும். பலதும் ஒன்றில்தான் இருக்கும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது "அப்ப, பிறழ்வு என்றால் சின்னக் குற்றமா சேர்?" என்று யாராவது கேட்பார்கள். சின்னது பெரியது என்ற அளவுகோல் இங்கே பொருந்தாது. சாதி மாறிக் கலியாணம் செய்த பெண்ணுக்கு நடப்பதையும், லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடிய பெடியனுக்கு நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவள் செய்தது சட்டப்படி உரிமை, அவன் செய்தது சட்டப்படி குற்றம். எவருக்கு அதிக காலம் தண்டனை நடக்கிறது?

சட்டை போட்டால் பிழை, கழற்றினாலும் பிழை

ஒரு செயல் தன்னளவில் பிறழ்வு என்று சொல்வது கடினம். நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையோடு போக முடியாது. படித்தவர், பணக்காரர், வெளிநாட்டில் இருந்து வந்தவர், யாராக இருந்தாலும் வாசலில் கழற்றித் தோளில் போட வேண்டும். யாராவது மறந்துபோய்ச் சட்டையோடு உள்ளிட்டால் நாலு பக்கத்தில் இருந்தும் சைகை வரும். இப்போது அதே மனிதர் வெறும் மேலோடு கஸ்தூரியார் வீதிக்கு வந்து ஒரு வங்கிக்குள் நுழைகிறார் என்று வையுங்கள். காவலாளி என்ன செய்வார்? உடம்பு அதேதான், இடையில் கொஞ்சத் தூரம்தான்.

இடம் மாறுவது போலக் காலமும் மாற்றும். இலங்கையில் 1998 வரை தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவர் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம் செய்தவர். கட்டிலில் கிடக்கும்போதே வாக்குமூலம் எடுக்கப் பொலிஸ் வந்து நிற்கும். அந்தப் பிரிவு நீக்கப்பட்ட பிறகு அவர் கவனிப்புத் தேவைப்படுகிற ஒரு நோயாளி. இன்னொன்று: எட்டு வயதைத் தாண்டிய பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாம் என்றுதான் நம் நாட்டில் நீண்ட காலம் இருந்தது. 2018இல் அந்த வயதைப் பன்னிரண்டாக்கினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை கடையில் எதையாவது எடுத்தால் 2017இல் அதற்கு ஒரு பெயர், 2019இல் இன்னொரு பெயர். பிள்ளையின் கை மாறவில்லை, புத்தகத்தில் ஒரு எண்தான் மாறியது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்க வேறு ஒரு சாமான் போதும்: பற்றரி. தொண்ணூறுகளின் முதல் பாதியில் பொருளாதாரத் தடை இருந்தது. பெற்றோல், சீமெந்து, யூரியா என்று நீண்ட தடைப்பட்டியலில் டோர்ச்சுக்குப் போடும் பற்றரியும் ஒன்று. கொழும்பில் எந்தப் பெட்டிக்கடையிலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒன்றை வடக்குக்குக் கொண்டுவந்து பிடிபட்டால் பெரிய வினை. அதனால் இங்கே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து வானொலிச் செய்தி கேட்டோம். அந்தக் காலத்தில் சோதனைச் சாவடியைத் தாண்டி நாலு பற்றரி கொண்டுவந்து சேர்த்தவரை ஊரில் யார் கடத்தல்காரர் என்று சொன்னார்கள்? கெட்டிக்காரர் என்றார்கள். பிறழ்வு இல்லாத குற்றத்துக்கு இதைவிடத் துல்லியமான உதாரணத்தை நான் பாடப்புத்தகத்தில் கண்டதில்லை.

1990 முதல் 1995 வரை இங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. நகரம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில். அவர்களுக்கென்று தனிக் காவல்துறை, தனி நீதிமன்றம். ஒரு நாட்டின் சட்டப்புத்தகம் ஒன்று, தெருவில் நடைமுறையில் இருப்பது இன்னொன்று. எது குற்றம் என்ற கேள்விக்கு முன்னால் யாருடைய சட்டம் என்று கேட்க வேண்டியிருந்த காலம் அது.

எழுதுகிற கை யாருடையது?

1707ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வழக்காறுகளை ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்தார்கள். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை, அதாவது ஒல்லாந்தரின் பிரதேச நிர்வாகி, தொகுத்தார். உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்மார் பார்த்துச் சரி என்றார்கள். அதுதான் தேசவழமை. சீதனம், முதுசம், காணி, ஈடு எல்லாம் அதில் இருக்கிறது. அடிமைகள் பற்றியும் இருக்கிறது: யார் யாருக்கு அடிமை, எசமானின் உரிமை என்ன என்று. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் அடிமையாக இருந்திருந்தால் அந்தப் பகுதி எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1844இல் பிரித்தானியர் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். ஒரு தலைமுறைக்கு உரிமையாக இருந்தது அடுத்த தலைமுறைக்குக் குற்றம்.

சட்டம் மாறியதும் ஊர் மாறிவிடாது. கோயிலிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஒருவரைச் சாதி சொல்லித் தடுப்பதை 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. பதினொரு வருடம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் என்ன நடந்தது? உள்ளே போய்க் கும்பிட வந்தவர்களை மறித்துக்கொண்டு நின்றவர்களில் முன்னால் நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. அவர் விடவில்லை, மேன்முறையீடு அப்போது இலங்கைக்குக் கடைசி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போய், அங்கும் தோற்றது.

இந்த வாசலைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். மறித்தவர் சட்டத்தை மீறினார். ஆனால் ஊரின் ஒரு பகுதிக்கு அவர் வழமையைக் காப்பவர். உள்ளே போக வந்தவர்கள் சட்டம் கொடுத்த உரிமையைத்தான் கேட்டார்கள். அதே பகுதிக்கு அவர்கள் அத்துமீறுகிறவர்கள், அதாவது பிறழ்ந்தவர்கள். பிறழ்வு என்ற சொல்லைக் கேட்டதும் கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதனால்தான்.

ஏன் எந்தச் சமூகமும் குற்றம் இல்லாமல் இல்லை?

எமில் தூர்கைம் என்ற பிரெஞ்சுக்காரர் 1895இல் கொஞ்சம் விசித்திரமான ஒன்றைச் சொன்னார். குற்றம் சமூகத்துக்கு வந்த நோய் அல்ல, அது இயல்பானது. ஓரளவுக்குப் பயனும் உண்டு. முழுக்க முழுக்கத் துறவிகளே வாழும் மடத்தைக் கற்பனை செய்யுங்கள் என்றார். அங்கே கொலை, களவு இராது. ஆனால் நமக்குக் கண்ணில் படாத சின்னத் தவறு அங்கே பெரிய குற்றமாகிவிடும். கோடு என்று ஒன்று இருக்கிற வரைக்கும் அதைத் தாண்டினவர் என்று ஒருவரைச் சமூகம் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கும். அவரைத் தண்டிக்கும்போதுதான் கோடு எங்கே இருக்கிறது என்று மற்றவர்களுக்கும் நினைவு வருகிறது. டொக்டர் வீட்டுப் பெடியனின் கதையை இரண்டு மாதம் கதைத்தவர்கள் அவனைப் பற்றி மட்டுமா கதைத்தார்கள்? "எங்கட பிள்ளையள் அப்பிடி இல்லை" என்பதைத் தங்களுக்குள் உறுதிப்படுத்திக்கொண்டார்கள்.

ரொபர்ட் மேர்ட்டன் 1938இல் கேட்ட கேள்வி வேறு. ஒரு சமூகம் எல்லோரையும் பார்த்து ஒரே இலக்கைக் காட்டுகிறது, ஆனால் அதை அடையும் வழியை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. இடையில் நெருக்குப்படுகிறவர்கள் என்ன செய்வார்கள்? அவர் நினைத்தது அமெரிக்காவை. எனக்கு அதை வாசிக்கும்போதெல்லாம் உயர்தரப் பெறுபேறு வருகிற நாள்தான் ஞாபகம். டொக்டர், இஞ்சினியர், இல்லாவிட்டால் வெளிநாடு, மாடி வீடு. இலக்கு ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. பல்கலைக்கழக வாசலோ இசட் புள்ளி என்ற தரப்படுத்திய பரீட்சைப் புள்ளியிலும் மாவட்ட ஒதுக்கீட்டிலும் குறுகிப்போய் இருக்கிறது.

அப்போது சிலர் அடங்கி அதே வழியில் மூன்றாம் முறையும் பரீட்சை எழுதுவார்கள். சிலர் இலக்கை வைத்துக்கொண்டு வழியை மாற்றுவார்கள். மேர்ட்டன் இதைப் புதுவழி காணல் என்றார். நம் ஊரில் அதற்கு ஏஜென்சிக்குக் காசு கட்டுதல் என்று பெயர். தலைமாற்றிய (படம் மாற்றி ஒட்டிய) பாஸ்போட்டில் போனவர்களும் வள்ளத்தில் போனவர்களும் குடிவரவுச் சட்டத்தை மீறினவர்கள்தான். போய்ச் சேர்ந்தால் அவர்கள் அனுப்பும் காசில் கோயில் கோபுரம் எழும்பும், கல்வெட்டில் பெயரும் வரும். இலக்கு, வழி இரண்டையும் கைவிட்டு ஒதுங்குகிறவர்களும் உண்டு. போதைக்குள் போன பெடியங்களைப் பற்றி ஊர் கதைப்பது இந்த இடத்தில். இலக்கில் நம்பிக்கை போய், வெறும் பழக்கத்துக்கு வழியை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்கிறவர்களும் உண்டு. எந்தக் கந்தோரிலும் ஒருவரைக் காணலாம். ஐந்தாவது வகை, இலக்கையே மாற்றுவோம் என்று கிளம்புகிறவர்கள். இந்த மண்ணில் ஒரு தலைமுறையே அப்படிக் கிளம்பியது. அதை இந்தக் கட்டுரையின் ஒரு வரிக்குள் அடைக்க நான் விரும்பவில்லை.

மேர்ட்டனிடம் ஒரு குறை இருக்கிறது. வாசிக்கும்போது வறுமையில் இருப்பவர்தான் வழி மாறுவார் என்று ஒரு எண்ணம் வந்துவிடும். அதற்கு எட்வின் சதர்லாந்து 1939இல் ஒரு பதில் வைத்தார்: வெள்ளைக் கொலர்க் குற்றம் என்ற சொல்லை அறிமுகப்படுத்தி, மதிப்பான உத்தியோகத்தில் இருப்பவர்கள் அந்த உத்தியோகத்தை வைத்தே செய்யும் குற்றங்களை யாரும் எண்ணுவதில்லை என்றார். மாம்பழம் பிடுங்கின பெடியனைக் கட்டி வைக்கிற ஊர், "நீங்கள் ரெண்டு பேரைச் சேர்த்தால் போதும் அன்ரி" என்று பிரமிட் திட்டத்துக்கு ஆள் பிடிக்கிற ரை கட்டின தம்பிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறது. பிரமிட் திட்டம் நடத்துவது வங்கிச் சட்டப்படி குற்றம் என்பது காசு போன பிறகுதான் தெரியவரும். தெரிந்த பிறகும் பாதிப்பேர் வெளியில் சொல்ல மாட்டார்கள். ஏமாந்தது வெட்கம்.

முத்திரை

நான் படித்த பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவனின் பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்துவிட்டான். எடுத்தது உண்மை. எடுத்ததைத் திருப்பியும் கொடுத்துவிட்டான். ஆனால் அடுத்த நாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவனை மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் "உண்டியல்". யாருடைய பேனை தொலைந்தாலும் முதலில் அவனுடைய பையைத்தான் கொட்டுவோம். நானும் ஒருநாள் கொட்டினேன். பேனை என்னுடைய கொப்பிக்குள்ளேயே இருந்தது. அவனோடு சேரக்கூடாது என்று வீடுகளில் சொன்னார்கள்; அவனும் வேறு ஆட்களோடு சேரத் தொடங்கினான், பத்தாம் வகுப்போடு நின்றான். இப்போது கனடாவில் சொந்தமாக லொறி ஓட்டுகிறான், பிள்ளைகள் பெரிய வகுப்பில். போன வருடம் ஊருக்கு வருகிறேன் என்று எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டான். வந்த முதல் பதில்: "எல்லாரும் உண்டியலைப் பூட்டி வையுங்கோ." அவனும் சிரிக்கிற முகம் ஒன்று போட்டான்.

ஹவார்ட் பெக்கர் என்பவர் 1963இல் எழுதியது இதைத்தான். அவர் ஜாஸ் பியானோ வாசித்தவர். கஞ்சா புகைத்த இசைக்கலைஞர்களுடன் பழகி, அவர்களை வெளியில் இருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்தார். பிறழ்வு செயலுக்குள் இல்லை, அந்தச் செயலுக்கு மற்றவர்கள் ஒட்டுகிற முத்திரையில் இருக்கிறது என்பது அவருடைய வாதம். அவருக்கு முன்பே, 1951இல், எட்வின் லெமெர்ட் ஒரு பிரிப்புச் செய்திருந்தார். முதலில் எல்லோரும் எப்போதாவது செய்கிற சறுக்கல் ஒன்று. அது முதல்நிலைப் பிறழ்வு. அதற்காகச் சமூகம் ஒருவரை ஒதுக்க, அவர் அந்தப் பெயரையே ஏற்று அதற்கேற்ப வாழத் தொடங்கினால் அது இரண்டாம்நிலை. இருபது ரூபாய் முதல்நிலை. பத்தாம் வகுப்போடு நின்றது இரண்டாம்நிலைக்குப் போகிற பாதை. கனடா விமானம் இல்லாவிட்டால் எங்கே முடிந்திருக்குமோ.

முத்திரைக்கு இதைவிடக் கொடிய முகமும் இந்த ஊரில் இருந்திருக்கிறது. எண்பதுகளில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் உடலில் ஒரு அட்டை தொங்கும். "சமூக விரோதி" என்றோ "துரோகி" என்றோ எழுதியிருக்கும். விசாரணை, சாட்சி, மறுபக்கம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் முடிந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் குடும்பங்கள் சில அந்தச் சொல்லோடுதான் இருக்கின்றன.

பூதம் வந்த ஆகஸ்ட்

2011 ஆகஸ்டில் நாடு முழுக்கக் கிறீஸ் பூதக் கதை பரவியது. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கி ஓடுகிற மர்ம மனிதன் இரவில் வந்து பெண்களைக் கீறுகிறான் என்று. மலையகம், கிழக்கு என்று வந்து யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. இரவில் ஆண்கள் பொல்லோடு முறைபோட்டு ஒழுங்கையில் நின்றார்கள். தெரியாத ஒருவர் அந்தப் பக்கம் வந்தால் கதை முடிந்தது. நாவாந்துறையில் மர்ம மனிதன் ஓடிப்போய்ப் படைமுகாமுக்குள் மறைந்தான் என்று மக்கள் திரண்டார்கள், மோதல் ஆனது. அன்றிரவு படையினர் வீடுகளுக்குள் புகுந்து அடித்து, பலரைப் பிடித்துக்கொண்டு போனதாக மக்கள் முறையிட்டார்கள். விசயம் உயர் நீதிமன்றம் வரை போனது.

இங்கிலாந்தில் 1964இல் கடற்கரை நகரங்களில் இரண்டு இளைஞர் கூட்டங்கள் அடிபட்டதைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்த விதத்தை ஆராய்ந்து, ஸ்டான்லி கோஹென் 1972இல் ஒழுக்கப் பீதி என்ற கருத்தை வைத்தார். ஒரு கூட்டத்தைச் சமூகத்தின் எதிரி என்று காட்டுவது, அதற்கு ஒரு உருவம் கொடுப்பது, உடனே ஏதாவது செய் என்று எல்லோரும் கூச்சலிடுவது. வாள்வெட்டுச் செய்திகள் வருகிற காலத்தில் யாழ்ப்பாணத்தில் இது அச்சொட்டாக நடக்கும். வாள் உண்மை, வெட்டும் உண்மை, காயமும் உண்மை. ஆனால் யூரியூப்பில் நாலு நாள் ஓடிய பிறகு காதுக்கு மேலே மயிரை வழித்து வெட்டிய, சத்தமான சைலன்சர் போட்ட ஒவ்வொரு பெடியனும் வாள்வெட்டுக்காரன். சோதனையில் மறிக்கப்படுகிறவன் அவன்தான். ரை கட்டின தம்பியை யாரும் மறிப்பதில்லை.

ஒன்று மட்டும் கோஹெனோடு நான் முழுக்க ஒத்துப்போக மாட்டேன். பீதி என்றால் காரணமில்லாத பயம் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். யுத்தம் முடிந்து இரண்டு வருடம், ஊரைச் சுற்றி முகாம், ஆண் துணையில்லாமல் எத்தனையோ வீடுகள். அந்தப் பெண்களின் பயத்தைக் கொழும்பில் இருந்துகொண்டு வதந்தி என்று தள்ளியது சரியா? பூதம் பொய்யாக இருக்கலாம். பயத்துக்கு ஒரு விலாசம் இருந்தது.

கட்டுப்படுத்துவது யார்?

சமூகக் கட்டுப்பாடு இரண்டு வகை என்று பாடத்தில் வரும். முறைசார்ந்தது: பொலிஸ், நீதவான், விளக்கமறியல், சிறை. முறைசாராதது: வீடு, உறவு, கோயில், ஊர்வாய். முதலாவதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை, செய்திகளில் தினமும் அதுதான். இரண்டாவதுதான் யாழ்ப்பாணத்தில் கெட்டி.

"நன்மை தின்மைக்குப் போறதில்லை" என்று ஒரு பேச்சு இருக்கிறது. இன்னொன்று "அவைக்கும் எங்களுக்கும் கொண்டாட்டம் இல்லை". வெளியூர் ஆட்களுக்கு இது சாதாரண மனத்தாங்கல் மாதிரிக் கேட்கும். உண்மையில் இது ஒரு தண்டனை. எழுத்தில் இல்லை, காலக்கெடுவும் இல்லை. கலியாணத்துக்குச் சொல்ல மாட்டார்கள், செத்த வீட்டுக்கு வர மாட்டார்கள். பிணம் தூக்க நாலு பேர் வேண்டும் என்கிற ஊரில் இது சின்ன விசயமா? ட்ராவிஸ் ஹிர்ஷி என்பவர் 1969இல் கேள்வியைத் தலைகீழாகப் போட்டார்: ஏன் சிலர் குற்றம் செய்கிறார்கள் என்று கேட்காதே, ஏன் பெரும்பாலானோர் செய்வதில்லை என்று கேள். இழக்க ஏதாவது இருப்பவர் செய்ய மாட்டார் என்பது அவர் பதிலின் சாரம். நம் ஆட்கள் இழக்கப் பயப்படுவது நாலு பேரை.

பழைய கிடுகு வேலி மறைப்பதற்குத்தான் கட்டியது. ஆனால் வேலிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒழுங்கையில் சைக்கிளில் போகிற பெண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் எப்போதும் யாரோ பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே போவாள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெரமி பெந்தாம் ஒரு சிறைச்சாலைக்கு இதே யோசனையில் வரைபடம் போட்டார்; நடுவில் கோபுரம், சுற்றிவரக் கூண்டுகள், காவலாளி பார்க்கிறானா என்று கைதிக்குத் தெரியாது. 1975இல் மிஷேல் பூக்கோ அதை எடுத்து நவீன சமூகமே இப்படித்தான் என்றார். இப்போது கிடுகு போய் மதில் வந்துவிட்டது, மதிலில் சிசிரிவி. பார்வை பழையதுதான். அது பெடியனைவிடப் பெட்டையைத்தான் அதிகம் பார்க்கும். இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் அண்ணனையும் தங்கையையும் அந்த ஒழுங்கை ஒரே மாதிரியா பார்க்கிறது?

பார்க்க வேண்டிய இடத்தில் அதே கண் மூடிக்கொள்ளும். வீட்டு வன்முறையைத் தடுக்க 2005இல் தனிச்சட்டம் வந்தது. பக்கத்து வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் வானொலியைக் கூட்டிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். "புருசன் பெண்சாதிப் பிரச்சினை, நாங்கள் என்னத்துக்கு?" அந்தப் பெண்ணும் முறைப்பாடு கொடுக்கப் போவதில்லை, போனால் ஊர் அவளைத்தான் கதைக்கும். பொலிஸ் புள்ளிவிவரத்தில் ஒரு ஊரில் குற்றம் குறைவு என்று கண்டால் அவசரப்பட்டுச் சந்தோசப்பட வேண்டாம். பதிவுப் புத்தகம் எண்ணுவது நடந்ததை அல்ல, சொன்னதை.

முறைசார்ந்த கட்டுப்பாட்டுக்கும் முறைசாராததுக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு: மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்தது. சின்னப் பிணக்குகள் கோட்ஸுக்குப் போகமுன் இங்கே வர வேண்டும். மூன்று பேர் இருந்து இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள். தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், ஒத்துப்போக வைக்கப் பார்ப்பார்கள். வார இறுதியில் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் கூடும். எங்கள் ஐயாவும் பக்கத்து வீட்டு மாமாவும் எல்லைக் கதியாலுக்காக (வேலிக்கு நடும் உயிர்த்தடிக்காக) அங்கே போனபோது நானும் போனேன். பூவரசங் கதியாலை மாற்றி நட்டதில் அரை அடி எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று ஐயா. நட்டது உங்கள் அப்பு என்று மாமா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் நெஞ்சில் முட்ட இரண்டு பேரும் இருந்தார்கள். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழியாமல் கிடந்தது. மூன்றாவது தவணையில் கால் அடிக்கு ஒத்துக்கொண்டார்கள், கையெழுத்தும் வைத்தார்கள்.

கதியால் மாற்றி நட்டாயிற்று. பேச்சு வரவில்லை. நாலு வருடம் கழித்து மாமா செத்தபோது ஐயா செத்த வீட்டுக்குப் போகவில்லை. அம்மா மட்டும் பின்பக்கத்து வேலிப் பொட்டுக்குள்ளால் போய், மாமியின் தோளைப் பிடித்து அழுதுவிட்டு, இருட்டுகிற நேரம் வந்து கிணற்றடியில் தோய்ந்தார். வாளி விழுந்த சத்தம் கேட்டும் ஐயா விறாந்தையில் பத்திரிகையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.